கத்தியும் சட்டமும் நம் பிள்ளைகளும்: வாசகர் கேள்வி–பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை லண்டனில் நடக்கும் கத்திக் குற்றங்கள், அவற்றுக்காக அரசு கொண்டுவரும் தடைகள், பொலிஸாரின் சோதனைகள் ஆகியவற்றைப் பற்றியவை. ஆகவே பகுதி முழுவதையும் இந்த ஒரே விடயத்துக்கு ஒதுக்கியிருக்கிறோம். இங்கே விளக்கப்படும் சட்டம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியது. கேள்வி அனுப்பியவர்களின் பெயர்களை அவர்களின் விருப்பப்படி தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: என்னுடைய பதினைந்து வயது மகனின் பாடசாலைப் பையில், எங்கள் சமையலறையில் பழம் வெட்டும் கத்தி ஒரு காலுறைக்குள் சுற்றி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டேன். கேட்டபோது, "யாரையும் குத்துவதற்கு இல்லை அம்மா, என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான்" என்று அழுகிறான். பொலிஸாரிடம் பிடிபட்டால் என்ன நடக்கும்? நான் என்ன செய்ய வேண்டும்? (ஒரு தாய், ஈஸ்ட் ஹாம்)

அம்மா, அவன் உங்களிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறான் என்பதே இப்போது உங்கள் கையில் இருக்கும் பெரிய பலம். முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை நீங்கள் அவனிடம் பிசகில்லாமல் சொல்லவேண்டியிருக்கும்.

1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 139ஆம் பிரிவின்படி, அலகோ கூர்முனையோ உள்ள ஒரு பொருளைத் தக்க காரணமின்றிப் பொது இடத்தில் வைத்திருப்பதே குற்றம். அதை வெளியே எடுத்திருக்க வேண்டும், யாரையாவது மிரட்டியிருக்க வேண்டும் என்ற தேவை எதுவும் இல்லை. மூன்று அங்குலத்துக்கு மேற்படாத அலகு கொண்ட, பூட்டு இல்லாமல் மடங்கும் சிறு பேனாக்கத்திக்கு மட்டுமே விலக்கு உண்டு. உங்கள் வீட்டுப் பழக்கத்தி மடங்காத கத்தி என்பதால், அதன் அலகு இரண்டு அங்குலமே இருந்தாலும் அந்த விலக்குக்குள் வராது. வயது வந்தவருக்கு இக்குற்றத்துக்கு நான்கு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். பாடசாலை வளாகத்துக்குள் கத்தியைக் கொண்டுபோவது 139ஏ பிரிவின் கீழ் தனிக் குற்றம். தலைமை ஆசிரியரும் அவர் அதிகாரமளித்த ஊழியர்களும், ஆயுதம் இருக்கலாம் என்று சந்தேகிக்க நியாயம் இருந்தால், பிள்ளையின் சம்மதம் இல்லாமலே பையைச் சோதிக்கலாம். அங்கே பிடிபட்டால் பொலிஸ் விசாரணையோடு பாடசாலையிலிருந்து நிரந்தரமாக நீக்கப்படும் ஆபத்தும் சேர்ந்துகொள்ளும்.

"என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான்" என்பதை நீதிமன்றங்கள் பொதுவாகத் தக்க காரணமாக ஏற்பதில்லை. அந்த நேரத்தில், அந்த இடத்தில், குறிப்பிட்ட ஒரு தாக்குதல் உடனே நடக்கப்போகிறது என்று நியாயமாக அஞ்சியிருந்தால் வழக்கு வேறு விதமாகப் போகலாம். ஆனால் தினமும் பயமாக இருக்கிறது என்பதற்காகத் தினமும் கத்தி கொண்டுபோவதைச் சட்டம் அனுமதிக்காது. இங்கே பத்து வயதிலேயே குற்றப் பொறுப்பு தொடங்கிவிடுகிறது. பதினைந்து வயதுப் பிள்ளை முதன்முறையாகப் பிடிபட்டால், இளையோருக்கான எச்சரிக்கையோடோ, இளையோர் நீதிமன்றம் வழங்கும் மேற்பார்வை உத்தரவோடோ முடியக்கூடும். பதினாறு வயதைத் தாண்டி இரண்டாம் முறையாகக் குற்றவாளியானால், விசேட காரணங்கள் இல்லாத பட்சத்தில் குறைந்தது நான்கு மாதத் தடுப்புக்காவல் என்று சட்டமே வகுத்திருக்கிறது. பதினெட்டு வயதுக்கு மேல் அது ஆறு மாதச் சிறை. நம்மவர்கள் பலர் கவனிக்கத் தவறும் இன்னொன்றும் உண்டு. பிரித்தானியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது நன்னடத்தையைப் பார்க்கும் விதி பத்து வயது முதலே பொருந்தும். அவனுக்கு இன்னும் குடியுரிமை இல்லையென்றால், ஒரு கத்தி வழக்கு அவனுடைய எதிர்காலத்தின் பல கதவுகளை ஒருசேர அடைத்துவிடும்.

இனி, நீங்கள் செய்யவேண்டியது. அது உங்கள் வீட்டுக் கத்தி. கழுவி, சமையலறையிலேயே பூட்டக்கூடிய ஓர் இழுப்பறைக்குள் வையுங்கள். பொலிஸ் நிலையத்துக்கு ஓட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. பிறகு அவனை உட்கார வைத்து, "ஏன் எடுத்தாய்?" என்று மறுபடி மறுபடி கேட்பதை விட்டுவிட்டு, எந்த பஸ், எந்த நிறுத்தம், எத்தனை மணி, யார் யார் என்று கேளுங்கள். பயத்துக்கு எப்போதும் ஓர் இடமும் ஒரு நேரமும் இருக்கும். லண்டனின் பெரிய விபத்து வைத்தியசாலை ஒன்றுக்கு 2004 முதல் 2014 வரை கத்திக்குத்துக் காயங்களோடு கொண்டுவரப்பட்ட இளையோரைப் பற்றி அங்குள்ள வைத்தியர்கள் செய்த ஆய்வில், பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் அதிகமாகக் காயப்பட்டது மாலை நான்கு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில், அதாவது பாடசாலை விட்டு வீடு திரும்பும் நேரத்தில் என்பது தெரியவந்தது. அந்த இரண்டு மணி நேரத்தை அவன் எங்கே, யாரோடு கழிக்கிறான் என்பதுதான் உங்கள் முதற்கேள்வி. சில வாரங்களுக்குப் பாதையை மாற்றுங்கள். முடிந்தால் நீங்களோ உறவினர் ஒருவரோ நிறுத்தத்தில் போய் நில்லுங்கள். பாடசாலையில் பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பான ஆசிரியரைச் சந்தித்து, மிரட்டப்படுகிறான் என்பதை எழுத்தில் கொடுங்கள்.

ஒரு விடயத்தை நேராகவே அவனிடம் சொல்லுங்கள். தொடையிலோ பின்புறத்திலோ குத்தினால் உயிர் போகாது, பயமுறுத்த அது போதும் என்று நம்பும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தொடையில் ஓடும் பெரிய நாடி அறுந்தால் சில நிமிடங்களிலேயே இரத்தம் முழுவதும் வெளியேறி ஒருவர் இறந்துபோகலாம். அப்படிக் குத்திய பிள்ளை, கொல்ல நினைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே கொலை வழக்கில் நிற்கும்.

அவனிடம் கணக்குச் சொல்ல முடியாத பணமோ, புதுச் சப்பாத்துகளோ, இரண்டாவது கைப்பேசியோ இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இருந்தால், போதைப்பொருள் கடத்தும், வயதில் மூத்தவர்கள் யாரோ அவனைப் பயன்படுத்துகிறார்கள் என்ற ஐயம் எழ வேண்டும். அப்போது உங்கள் கவுன்சிலின் சிறுவர் சேவைப் பிரிவிடம் தயங்காமல் சொல்லுங்கள். வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று நம் குடும்பங்கள் மறைப்பதுதான் அப்படிப்பட்டவர்களுக்கு மிகவும் வசதியாகப் போகிறது.

கேள்வி: கோயில் அன்னதானத்துக்குச் சமைக்கும் தொண்டர்களில் நானும் ஒருவன். காய்கறி வெட்டும் கத்திகளும், தேங்காய் உடைக்கும் பெரிய கத்தியும், ஓர் அரிவாள்மணையும் என் காரின் பின்பெட்டியில் எப்போதும் கிடக்கும். இது குற்றமா? பெரிய கத்திகளை அரசு தடைசெய்துவிட்டதாகவும் சொல்கிறார்கள். (ஓர் அடியார், வெம்ப்ளி)

ஐயா, சமையலுக்காகக் கொண்டுபோவதும் கொண்டுவருவதும் தக்க காரணமே. வேலைக்காக, சமயக் காரணத்துக்காக, தேசிய உடையின் பகுதியாக வைத்திருப்பதைச் சட்டமே பெயர் சொல்லி ஏற்கிறது. உங்கள் சிக்கல் "எப்போதும் கிடக்கும்" என்பதில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை சமையலுக்குப் போகும் வழியில் நிறுத்தப்பட்டால் உங்களிடம் காரணம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை இரவு வேறெங்கோ போகும்போது நிறுத்தப்பட்டால், எடுத்து வைக்க மறந்துவிட்டேன் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. மறதி மட்டும் தக்க காரணமாகாது என்பதை நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன. தெருவில் ஓடும் காருக்குள் இருப்பதும் பொது இடத்தில் இருப்பதாகவே கொள்ளப்படும். நீதிமன்றம் இதில் எவ்வளவு கறாரானது என்பதற்கு, 2005இல் வந்த ஒரு தீர்ப்பில் கூரே இல்லாத வெண்ணெய்க் கத்தியும் அலகுள்ள பொருள்தான் என்று உயர் நீதிமன்றம் முடிவு செய்ததைச் சொல்லலாம். ஆகவே வேலை முடிந்த அன்றே கத்திகளைக் கோயில் மடைப்பள்ளியிலோ வீட்டிலோ இறக்கிவிடுங்கள். கொண்டுபோகும்போது துணியில் சுற்றி, மூடிய பெட்டிக்குள் வைத்து, கை எட்டாத பின்பெட்டியில் வையுங்கள்.

தடையைப் பற்றி: 2024 செப்டெம்பர் 24 முதல் தடைசெய்யப்பட்டவை, எட்டு அங்குலத்துக்கு மேற்பட்ட அலகும் கூர்முனையும் சாதாரண வெட்டுவிளிம்பும் கொண்டு, அவற்றோடு வாள்பல் போன்ற விளிம்பு, ஒன்றுக்கு மேற்பட்ட துளைகள், முட்கள் போன்ற அச்சுறுத்தும் அமைப்பு ஏதேனும் ஒன்றைக் கொண்ட ஸோம்பி வகைக் கத்திகளும் மஷெட்டி எனப்படும் நீண்ட வெட்டுக்கத்திகளும் ஆகும். இவற்றை வீட்டுக்குள் வைத்திருப்பதுகூடக் குற்றம். தேங்காய் உடைக்கும் சாதாரணக் கத்தியும் அரிவாள்மணையும் இந்த விவரிப்புக்குள் வருவதில்லை.

கேள்வி: டூட்டிங் பிராட்வேயில் நண்பர்களோடு நடந்துபோனபோது பொலிஸார் என்னை நிறுத்தி, "பிரிவு 60" என்று மட்டும் சொல்லிச் சோதித்தார்கள். எதற்காக என்னைச் சந்தேகிக்கிறீர்கள் என்று கேட்டேன். காரணம் தேவையில்லை என்றார்கள். இது சரியா? (ஒரு மாணவர்)

தம்பி, அந்தப் பிரிவைப் பொறுத்தவரை அவர்கள் சொன்னது சட்டப்படி சரி. சாதாரணமாக, 1984ஆம் ஆண்டின் பொலிஸ் மற்றும் குற்றச் சாட்சியச் சட்டத்தின் கீழ், உங்களிடம் ஆயுதமோ திருட்டுப் பொருளோ இருக்கிறது என்று சந்தேகிக்க நியாயமான அடிப்படை இருந்தால்தான் நிறுத்திச் சோதிக்கலாம். 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் 60ஆம் பிரிவு அதிலிருந்து விலக்கானது. கடுமையான வன்முறை நடக்கக்கூடும் என்றோ, நடந்த வன்முறைக்குப் பயன்பட்ட ஆயுதம் அப்பகுதியில் இருக்கிறது என்றோ இன்ஸ்பெக்டர் நிலையிலோ அதற்கு மேலோ உள்ள அதிகாரி நியாயமாக நம்பினால், குறிப்பிட்ட எல்லைக்குள் 24 மணி நேரம் வரை யாரையும் தனிப்பட்ட சந்தேகம் இல்லாமலே சோதிக்க அனுமதி கொடுக்கலாம். அந்த நேரத்தில் நிற்க மறுப்பதே குற்றமாகும். பொது இடத்தில் மேலங்கி, ஜாக்கெட், கையுறை ஆகியவற்றைக் கழற்றச் சொல்லலாம். அதற்கு மேல் கழற்றுவதென்றால் மற்றவர்கள் பார்வையில் படாத இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஆனால் காரணம் சொல்லத் தேவையில்லை என்பதால் எதையுமே சொல்லத் தேவையில்லை என்று ஆகிவிடாது. எந்தச் சட்டத்தின் கீழ், எதைத் தேடி, எந்த நிலையத்தைச் சேர்ந்த யார் உங்களைச் சோதிக்கிறார்கள் என்பதையும், 60ஆம் பிரிவு அனுமதி அங்கே நடைமுறையில் இருக்கிறது என்பதையும், சோதனைப் பதிவின் பிரதியைப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு என்பதையும் அவர்கள் சொல்லியாக வேண்டும். 60ஆம் பிரிவின் கீழ் சோதிப்பவர் சீருடையில் இருக்க வேண்டும்; மற்றச் சோதனைகளில் சீருடை இல்லாதவர் என்றால் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். அந்த இடத்திலேயே பிரதி கிடைக்காவிட்டால் மூன்று மாதங்களுக்குள் கேட்டுப் பெறலாம். சோதனைக்காக மட்டும் நிறுத்தப்பட்டவர் தன் பெயரையும் விலாசத்தையும் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. திமிறாதீர்கள், தொலைபேசியில் பதிவு செய்வது சட்டவிரோதமல்ல, ஆனால் கைகள் தெரியும்படி, இடையூறு செய்யாமல் செய்யுங்கள். நடத்தை முறையற்றதாக இருந்தால் மாநகரப் பொலிஸிடமே முதலில் முறைப்பாடு செய்யலாம். அதில் திருப்தி இல்லையென்றால் மேல் மட்ட மீளாய்வைக் கேட்கலாம்.

என் கருத்தைக் கேட்டால், நம்பத்தகுந்த தகவலின்மேல், குறிப்பிட்ட ஒருவரைச் சோதிப்பதை நான் ஆதரிக்கிறேன். அப்படிப் பறிக்கப்பட்ட கத்தி ஒவ்வொன்றும் நல்லதே. ஆனால் வலையை அகல விரித்தால் குற்றம் குறையும் என்பதற்குச் சான்று மிகவும் பலவீனமானது. 2008இல் லண்டனில் கத்திக்கு எதிரான பெரும் நடவடிக்கையொன்றில் ஆயுதச் சோதனைகள் பல மடங்கு கூட்டப்பட்டன. உள்துறை அமைச்சே 2016இல் வெளியிட்ட மதிப்பீடு, அவ்வளவு சோதனைகளும் குற்றங்களைக் கணிசமாகக் குறைத்ததற்கான தடயம் இல்லை என்று கூறியது. அதே வேளை கறுப்பினத்தவர் வெள்ளையரைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு அதிகமாக நிறுத்தப்படுகிறார்கள். அவமானப்பட்டுப் போன ஒரு பிள்ளை, நாளைக்குத் தன் நண்பன் குத்துப்படும்போது பொலிஸாரிடம் வாய் திறக்கமாட்டான். சாட்சியில்லாத வழக்குகள் அங்கிருந்துதான் பிறக்கின்றன.

கேள்வி: முப்பது ஆண்டுகளாக இந்த நகரத்தில் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் நம் தமிழ் இளைஞர் குழுக்கள் வாளும் கோடரியும் எடுத்து மோதிய காலத்தையும் பார்த்தேன். ஸோம்பிக் கத்தி, நிஞ்ஜா வாள் என்று அரசு ஒவ்வொன்றாகத் தடைசெய்துகொண்டே போகிறது. பிள்ளைகள் இறப்பது மட்டும் நின்றபாடில்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் கத்தி வன்முறையைக் குறைக்க முடிந்தது; இங்கே ஏன் முடியவில்லை? (ஓர் ஆசிரியர், ஹரோ)

ஐயா, தடைகளின் வரலாறு நீங்கள் நினைப்பதைவிட நீளமானது. பொது இடத்தில் தாக்குவதற்கான ஆயுதம் வைத்திருப்பதை 1953ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. பொத்தானை அழுத்தினால் அலகு பாயும் கத்திகளின் விற்பனையை 1959ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. 2008இல் நீண்ட வளைந்த வாள்கள், 2016இல் ஸோம்பிக் கத்திகள் என்று பட்டியல் வளர்ந்தது. 2016ஆம் ஆண்டுத் தடை வன்முறையைப் போற்றும் படமோ வாசகமோ பொறித்த கத்திகளை மட்டுமே பிடித்ததால், வணிகர்கள் அந்த எழுத்தை எடுத்துவிட்டு அதே கத்தியைத் தொடர்ந்து விற்றார்கள். அந்த ஓட்டையை அடைக்க எட்டு ஆண்டுகள் ஆயின. 2025 ஆகஸ்ட் முதலாம் திகதி முதல் நிஞ்ஜா வாள்களும் தடைசெய்யப்பட்டன. 2022இல் வுல்வர்ஹாம்டனில் பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன், வேறொருவன் என்று தவறாக எண்ணப்பட்டுத் தன் வீட்டருகே கொல்லப்பட்டான். கொன்றவர்களில் ஒருவன் தாயின் பெயரைப் பயன்படுத்தி இணையத்தில் ஆயுதங்களை வாங்கிவந்த பதின்ம வயதுப் பையன். இறந்தவனின் குடும்பம் விடாமல் போராடியதன் விளைவே அந்தத் தடை. அந்தப் போராட்டத்தை நான் தலைவணங்கி மதிக்கிறேன். பதின்ம வயதுப் பையன் ஒருவன் வாள் வாங்கும் நிலையை எந்த அரசும் ஒரு நாள்கூடப் பொறுத்திருக்கக் கூடாது.

இருந்தும் தடையின் எல்லையை மறக்கக் கூடாது. இந்நாட்டில் கத்தியால் நடக்கும் கொலைகளில் அதிகமாகப் பயன்படுவதாகப் பதிவாவது சாதாரணச் சமையலறைக் கத்தி. அதை எந்தக் கடையிலும் தடுக்க முடியாது. எல்லா வீட்டிலும் இருக்கிறது. 2005இலேயே மேற்கு லண்டனின் அவசர சிகிச்சை வைத்தியர்கள் சிலர், நீண்ட கூர்முனையுள்ள சமையற்கத்திகளின் விற்பனையையே நிறுத்த வேண்டும் என்று மருத்துவ இதழொன்றில் எழுதினார்கள். பெயர்பெற்ற சமையற்கலைஞர்கள் பத்துப் பேரிடம் கேட்டுப் பார்த்து, நீண்ட கூர்முனை சமையலுக்கு இன்றியமையாததல்ல என்றும் வாதிட்டார்கள். முனை வட்டமான கத்தி காய்கறியைத் தாராளமாக வெட்டும், உடலுக்குள் எளிதில் இறங்காது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அரசு அதை முழு மனதோடு எடுத்துக்கொள்ளாதது எனக்கு மிகுந்த வருத்தம். செய்தித்தாளின் முதற்பக்கத்தில் அச்சமூட்டும் வாளின் படத்தைக் காட்டித் தடையை அறிவிப்பது சுலபம். ஒவ்வொரு வீட்டின் இழுப்பறையையும் தொடும் ஒரு மாற்றத்தைப் பொறுமையாகக் கொண்டுவருவது கடினம்.

கிளாஸ்கோவுக்கு வருகிறேன். 2005இல் அங்கிருந்த ஸ்டிராத்கிளைட் பொலிஸ் வன்முறைக் குறைப்புப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே அது ஸ்காட்லாந்து முழுவதற்குமான பிரிவானது. வன்முறை ஒரு தொற்றுநோய் போலப் பரவுகிறது, ஆகவே பொதுச் சுகாதாரத் துறை நோயை அணுகுவதுபோல அதை அணுக வேண்டும் என்பது அவர்களின் அடிப்படை. 2008இல் நகரின் கிழக்குப் பகுதிக் குழுக்களைச் சேர்ந்த இளைஞர்களை நீதிமன்ற மண்டபத்துக்கு அழைத்தார்கள். வழக்கு விசாரணைக்காக அல்ல. இனி ஒருவர் குத்தினால் குழு முழுவதையும் விரட்டுவோம் என்று பொலிஸ் அதிகாரி சொன்னார். கிழிந்த முகங்களைத் தைக்கும் சத்திரசிகிச்சை வைத்தியர் பேசினார். மகனை இழந்த தாய் பேசினார். கடைசியில், இந்த வாழ்க்கையிலிருந்து வெளியேற விரும்புபவர்களுக்கு வேலை, பயிற்சி, வீடு, போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை ஆகியவற்றைத் தேடித் தருகிறோம் என்று ஒரு தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தார்கள். ஆக, அங்கே கண்டிப்பும் கைகொடுப்பும் ஒரே மேடையில் நின்றன. மென்மையால் மட்டும் வென்றார்கள் என்று சொல்வது தவறு; அந்த ஆண்டுகளில் கிளாஸ்கோவில் பொலிஸ் சோதனைகளும் ஏராளம், கத்தி வழக்குகளில் தண்டனையும் கடுமை.

லண்டனும் சும்மா இருக்கவில்லை. நகரத் தலைவர் 2018இல் அறிவித்து உருவாக்கிய வன்முறைக் குறைப்புப் பிரிவு, பெரிய வைத்தியசாலைகளில் இளையோர் பணியாளர்களை அமர்த்த உதவுகிறது. குத்துப்பட்டுப் படுத்திருக்கும் பிள்ளையின் கட்டிலருகே, பழிவாங்கும் எண்ணம் இன்னும் கெட்டியாகாத அந்த முதல் சில மணி நேரத்தில், சீருடையில்லாத ஒருவர் போய் உட்காருகிறார். இந்தத் துறையில் மிகவும் பயனுள்ள வேலை என்று நான் நம்புவது இதைத்தான். 2023 முதல் கவுன்சில், பொலிஸ், சுகாதார சேவை ஆகியவை சேர்ந்து கடும் வன்முறையைத் தடுக்கத் திட்டமிட வேண்டும் என்பது சட்டக் கடமையாகவும் ஆகியிருக்கிறது. 2021இல் லண்டனில் முப்பது பதின்ம வயதினர் கொல்லப்பட்டார்கள்; பதிவுகளில் அதுவே மிக மோசமான ஆண்டு. 2024இல் அது பத்தாகக் குறைந்தது. எந்த ஒரு திட்டத்துக்கும் இந்தப் புகழைத் தூக்கிக் கொடுக்க நான் தயாரில்லை. ஆனால் "நின்றபாடில்லை" என்ற உங்கள் சொல்லோடு முழுமையாக உடன்படவும் முடியவில்லை.

பெரிய வேறுபாடு நிதியிலும் காலத்திலும் இருக்கிறது. கிளாஸ்கோவின் பிரிவு ஆட்சிகள் மாறியும் தொடர்ந்தது. லண்டனிலோ 2011க்குப் பின் பத்தாண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்ட இளையோர் மன்றங்கள் மூடப்பட்டன. அடுத்து வந்த திட்டங்கள் ஓராண்டு, ஈராண்டு நிதியில் ஓடுகின்றன. ஒரு பிள்ளை பணியாளர் ஒருவரை நம்பத் தொடங்கும்போது அவருடைய ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த கத்திக் குற்றத் தடுப்பு உத்தரவையும் பாருங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைமீதுகூட, குற்றவாளியாகத் தீர்க்கப்படாமலே, அதைப் பிறப்பிக்க அச்சட்டம் வழிவிட்டது. மீறினால் இரண்டு ஆண்டுகள் வரை சிறை என்றும் வகுத்தது. 2021இல் லண்டனில்தான் அதன் முன்னோட்டம் தொடங்கியது. மாலை ஆறு மணிக்குப் பிறகு வெளியே போகாதே என்று உத்தரவிட நீதிமன்றம் இருந்தது. அந்த நேரத்தில் அந்தப் பிள்ளை போயிருக்கக்கூடிய இளையோர் மன்றம் மட்டும் பூட்டிக் கிடந்தது.

நீங்கள் நினைவூட்டிய தமிழ்க் குழுக்களின் காலத்தில், மாநகரப் பொலிஸ் "ஆபரேஷன் என்வர்" என்ற பெயரில் தனி நடவடிக்கை எடுத்தது. பல ஆண்டுகள் கழிந்துவிட்டதால் அதைப் பேசாமல் விட்டுவிட நம் சமூகம் விரும்புகிறது. போரிலிருந்து தனியாக வந்து சேர்ந்த, வீட்டில் பெரியவர் யாரும் இல்லாத பையன்கள் பலர் அந்தக் குழுக்களில் இருந்தார்கள் என்பதை உங்களைப் போன்ற ஆசிரியர்கள் எழுத வேண்டும். இன்று வேறு நாடுகளிலிருந்து அப்படியே வந்திறங்கும் பிள்ளைகளைப் பார்த்து முகம் சுளிக்கும் நம்மவர்களுக்கு அது தெரிந்தாக வேண்டும்.

கேள்வி: என் அக்காவின் மகனுக்குப் பதினேழு வயது. பூங்காவில் நடந்த சண்டையொன்றில் அவனோடு போன நண்பன் வேறொருவனைக் குத்திவிட்டான். எங்கள் பிள்ளை கத்தியைத் தொடவில்லை. கூட நின்றான், பிறகு ஓடிவிட்டான். அவனையும் கைதுசெய்திருக்கிறார்கள். தொடாதவனுக்கு எப்படித் தண்டனை? (ஒரு சித்தி, க்ராய்டன்)

ஒரு குற்றத்தைச் செய்தவனுக்கு உதவியவனும் ஊக்கம் கொடுத்தவனும் அதே குற்றத்துக்குப் பொறுப்பாவான் என்பது இங்குள்ள சட்டம். முன்பு, நண்பன் குத்தக்கூடும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்த்திருந்தாலே ஒருவரைக் கொலைக் குற்றவாளியாக்கப் போதுமானதாக இருந்தது. 2016இல் ஜோகி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தி, உதவவோ ஊக்குவிக்கவோ வேண்டும் என்ற எண்ணம் இருந்திருக்க வேண்டும், முன்னுணர்வு அதற்கான சான்றாக மட்டுமே அமையலாம் என்று தீர்ப்பளித்தது. ஆகவே கூட நின்றது மட்டும் குற்றமாகாது. ஆனால் கூட நின்றவன் ஏன் நின்றான் என்பதை, அன்று மாலை அனுப்பப்பட்ட செய்திகள், பூங்கா வாசலிலுள்ள கமராப் பதிவு, பிறகு எங்கே ஓடினான், உடையை மாற்றினானா என்பவற்றைக் கொண்டு அரசுத் தரப்பு ஜூரிகளுக்குக் காட்ட முயலும்.

உடனே செய்யவேண்டியது, சொலிசிட்டர் இல்லாமல் ஒரு வார்த்தையும் பேசவிடாதிருப்பது. பொலிஸ் நிலையத்தில் சட்ட உதவி இலவசம். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்கு விசாரணையின்போது பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். தயவுசெய்து அவனுடைய தொலைபேசியிலிருந்து எதையும் அழிக்காதீர்கள், ஆடைகளைத் துவைக்காதீர்கள். அன்பினால் செய்யும் அந்த வேலை உங்களையே நீதியைத் தடுத்த குற்றத்தில் மாட்டிவிடும், அவனுக்கும் அது பாதகமாகவே முடியும். இவ்வழக்கு பாரதூரமானது, குத்துப்பட்டவர் இறந்தால் கொலை வழக்காகவே ஆகலாம் என்பதையும் மறைக்க விரும்பவில்லை: கத்தியை வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டுபோய்க் கொன்ற வயது வந்தவருக்கு, பரோலைப் பற்றி எண்ணுவதற்கே இருபத்தைந்து ஆண்டுகள் என்பதே சட்டத்தின் தொடக்கக் கணக்கு. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கணக்கு வேறு, குறைவு. ஆனாலும் அது பல ஆண்டுகள்தான்.

கேள்வி: பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். சமையற்கத்திகளும் குழாய் அடைப்பு நீக்கும் திரவமும் விற்கிறேன். என்ன கவனிக்க வேண்டும்? (ஒரு வர்த்தகர், இல்போர்ட்)

பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்குக் கத்தி விற்பது குற்றம். மூன்று அங்குலத்துக்கு மேற்படாத மடிப்புக் கத்திக்கும், உறைக்குள் பூட்டப்பட்ட சவர அலகுக்கும் மட்டுமே விலக்கு. காய்கறி சீவும் சிறு கத்தியும் கத்திதான். 2017இல் லண்டனில் அமில வீச்சுகள் பெருகியதை அடுத்து வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம், கடும் அரிப்புத் திரவங்களை அந்த வயதினருக்கு விற்பதையும், காரணமின்றித் தெருவில் கொண்டு திரிவதையும் குற்றமாக்கியது. உங்கள் திரவத்தின் போத்தலில் உள்ள விவரத்தைப் படித்து, அது அந்தப் பட்டியலில் வருகிறதா என்பதை வழங்குநரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கவுன்சிலின் வர்த்தகத் தர அதிகாரிகளும் பொலிஸாரும் பதினெட்டு நிரம்பாத தொண்டர்களை அனுப்பிக் கடைகளைச் சோதிப்பார்கள். கல்லாவில் இருந்தவர் உங்கள் மைத்துனர் என்றாலும் பொறுப்பு உங்கள்மீதும் வரும். நியாயமான முன்னெச்சரிக்கை அனைத்தையும் எடுத்திருந்தேன் என்று நீங்கள் காட்ட முடிந்தால்தான் தப்பலாம். எனவே இருபத்தைந்துக்குக் குறைந்த தோற்றமுள்ள எவரிடமும் படமுள்ள அடையாள அட்டையைக் கேளுங்கள். கத்திகளைக் கதவோரத் தட்டிலிருந்து எடுத்துக் கல்லாவுக்குப் பின்னால் பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் வையுங்கள். மறுத்த ஒவ்வொரு விற்பனையையும் திகதி, நேரத்தோடு ஒரு கொப்பியில் எழுதி, வேலைக்கு வரும் மாணவர்கள் உட்பட எல்லோரிடமும் விதிகளைப் படித்ததாகக் கையெழுத்து வாங்குங்கள். இணையம் வழியாகவும் விற்பதாக இருந்தால், வாங்குபவரின் வயதை விற்கும்போதே உறுதிசெய்வதோடு, பொதியின் மேல் உள்ளே கத்தி இருக்கிறது என்று எழுதி, வீட்டு வாசலில் வயது வந்தவரின் கையில் மட்டுமே கொடுக்கும் ஏற்பாட்டை விநியோக நிறுவனத்தோடு எழுத்தில் செய்துகொள்ளுங்கள்.